மன்னிப்பு யாரிடம் கேட்கப்படுகிறது?

2021 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில் எடுக்கப்பட்ட காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கொரோனா ஊரடங்கு நேரத்தில் கோயில் திருவிழா நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. தலித் முதியவர்கள் மூன்று பேர் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஊரடங்கு விதியை மீறியிருந்தால் அதற்குக் காவல் நிலையம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது. விதிக்கும் ஊர்க்காரர்களின் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு மன்னிப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சொல் அல்ல, உடம்பு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, முட்டி மண்ணில் பட நிற்கும் தாத்தாவின் உடம்பு. மன்னிப்பு என்பது காலனியிலிருந்து ஊருக்குள் போகும் பொருள். ஊரிலிருந்து காலனிக்கு அது வந்ததாக என் நாற்பத்தைந்து வயதுக்குள் நான் பார்த்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு கல்லூரி மாணவி. எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வருகிற வணிகவியல் மாணவி. அவருடைய பாடத்தில் வணிக அறம் என்று ஒரு தாள். ஒரு நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாகக் கேட்கும் மன்னிப்பு எப்போது நல்ல மன்னிப்பு ஆகும் என்பது கேள்வி. குறிப்பேட்டில் பதிலும் எழுதிவைத்திருந்தார்: தாமதிக்காமல் கேட்க வேண்டும், எளிய சொற்களில் கேட்க வேண்டும், தலைவரே முன்வந்து கேட்க வேண்டும், அப்போதுதான் நிறுவனத்தின் நற்பெயர் மீளும். படித்துக் காட்டிவிட்டு அவரே கேட்டார்: "அண்ணே, இதுல அடிபட்டவங்க எங்கண்ணே இருக்காங்க?"

பாடநூலை விட நல்ல கேள்வி. அதற்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

தமிழ் படித்தவன் என்பதால் நான் முதலில் பார்ப்பது வாக்கியத்தை. 2023 ஜூனில், உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி, சொமேட்டோ நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. 2001இல் வந்த 'லகான்' இந்திப் படத்தில் 'கச்ரா' என்று ஒரு பாத்திரம் உண்டு. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன், சூம்பிய கையால் பந்து வீசுகிறவன். கச்ரா என்றால் இந்தியில் குப்பை. அந்தப் பாத்திரத்தில் நடித்தவரையே கொண்டுவந்து, மறுசுழற்சி செய்த குப்பையிலிருந்து செய்த விளக்காகவும் மேசையாகவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பாத்திரமாகவும் அவரை உட்காரவைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் விளம்பரத்தை நீக்கிவிட்டு ஓர் அறிக்கை விட்டது. நகைச்சுவையாக விழிப்புணர்வு ஊட்டுவதே நோக்கம். தெரியாமல் சில சமூகங்களின், சில தனிநபர்களின் மனதை நாங்கள் புண்படுத்தியிருக்கலாம் என்பது அதன் சாரம்.

சில சமூகங்கள். எந்தச் சமூகங்கள்? தலித் என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. புண்படுத்தியிருக்கலாம். புண்படுத்தினார்களா இல்லையா? வாக்கியத்தில் உறுதி இல்லை. 'புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்பது நம் ஊர் அரசியல்வாதிகளுக்கும் பழக்கமான வாக்கியம்தான். அதிலுள்ள 'ஆல்' என்ற விகுதியை இலக்கணத்தில் நிபந்தனை எச்சம் என்பார்கள். நிபந்தனை போட்டு மன்னிப்புக் கேட்கிறவர், புண்பட்டாயா இல்லையா என்று நிரூபிக்கும் வேலையை அடிபட்டவன் தலையில் கட்டிவிடுகிறார்.

இந்த இலக்கண வித்தையின் உச்சத்தைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். நிலம் பறிகொடுத்த பூர்வகுடிகளின் கதை நமக்கு அந்நியமல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஜூக்கன் கோர்ஜ் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியதற்குச் சான்றுள்ள குகைகள். அகழ்ந்தபோது கிடைத்த 4,000 ஆண்டுப் பழமையான பின்னிய முடிக்கற்றை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று அந்த மண்ணில் வாழும் புட்டு குன்ட்டி குர்ராமா, பினிகுரா மக்களின் மரபணுவோடு அது பொருந்தியது. நம் பாட்டியின் பாட்டி தலைமுடி என்று கைநீட்டிச் சொல்லக்கூடிய இடம் அது. 2020 மே 24 அன்று ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் இரும்புத்தாதுக்காக அதை வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் தகர்த்தது. அதுதான் கொடுமை. சுரங்கத்துக்கு நான்கு திட்டங்கள் இருந்ததும், அவற்றில் மூன்று குகைகளைத் தொடாமலேயே தோண்டக்கூடியவை என்பதும், இந்த விவரம் அந்த மக்களிடம் சொல்லப்படவே இல்லை என்பதும் பின்னால் நாடாளுமன்ற விசாரணையில்தான் தெரியவந்தது. நான்காவது திட்டத்தில் சுமார் 80 லட்சம் டன் தாது கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவுதான் காரணம்.

ஒரு வாரத்தில் மன்னிப்பு வந்தது. நாங்கள் ஏற்படுத்திய வேதனைக்காக வருந்துகிறோம் என்றது நிறுவனம். எழுவாய் இருக்கிறது, 'ஆல்' இல்லை. நல்ல மன்னிப்பு என்றுதான் முதலில் தோன்றும். சில நாட்களில் இரும்புத்தாதுப் பிரிவின் தலைவர் ஊழியர்கள் கூட்டத்தில் பேசியது பத்திரிகையில் வெளியானது. மன்னிப்புக் கேட்டது அந்த மக்களின் வேதனைக்குத்தான், செய்த காரியத்துக்கு அல்ல என்பது அவர் பேச்சின் பொருள். உன் அழுகைக்கு வருந்துகிறேன், அடித்ததற்கு அல்ல. ஆகஸ்டில் தலைமை அதிகாரி ழான் செபாஸ்தியன் ஜாக் விசாரணைக் குழுவின் முன்னால் மறுபடி மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் தனக்குத்தானே விசாரணை நடத்தி மூன்று உயர் அதிகாரிகளின் ஊக்கத்தொகையை மட்டும் வெட்டியது. இது போதாது என்று முதலீட்டாளர்கள் நெருக்கிய பிறகுதான், செப்டம்பரில், மூன்று பேரும் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. குகைக்குச் சொந்தமான மக்களின் குரலால் அசையாத நாற்காலி பங்குதாரர்களின் குரலால் அசைந்தது.

ஆகவே யார் பேசுகிறார், எதற்காகக் கேட்கிறார் என்பதோடு, யாரிடம் கேட்கிறார் என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் தொந்தரவு செய்வது.

2018 நவம்பரில் ட்விட்டர் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சி இந்தியா வந்தார். தில்லியில் பெண் பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்கள் சிலரைச் சந்தித்தார். அந்தத் தளத்தில் பெண்கள் சந்திக்கும் வசைகளும் மிரட்டல்களும் பற்றிய பேச்சு. ஒரு தலித் பெண் செயல்பாட்டாளர் அவருக்கு ஒரு சுவரொட்டியைப் பரிசளித்தார். பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்ற வாசகம் அதில் இருந்தது. வரைந்தவர் அமெரிக்காவில் வாழும், தமிழ்நாட்டு வேர்கள் கொண்ட தேன்மொழி சௌந்தரராஜன். டோர்சி அதைப் பிடித்துக்கொண்டு குழுவோடு நிற்கும் புகைப்படம் வெளியானதும் பெரும் கூச்சல். வெளிநாட்டுக்காரன் ஒரு சாதியை இழிவுபடுத்திவிட்டான் என்றார்கள். அடுத்த நாளே ட்விட்டரின் சட்டம், கொள்கைப் பிரிவின் தலைவர் விஜயா கட்டே மன்னிப்புக் கேட்டார். தயக்கமில்லாத மன்னிப்பு. இது எங்கள் கருத்தைப் பிரதிபலிப்பதல்ல, பரிசாகக் கிடைத்ததோடு எடுத்த தனிப்பட்ட படம், இன்னும் யோசித்திருக்க வேண்டும் என்று எழுதினார்.

வணிக அறத் தாளுக்கு இந்த மன்னிப்பை அனுப்பினால் முழு மதிப்பெண் கிடைக்கும். தாமதமில்லை, எளிய சொற்கள், மூத்த அதிகாரியே கேட்டிருக்கிறார். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து தான் பட்ட வசவுகளைச் சொன்ன தலித் பெண்ணிடம் இந்த மன்னிப்பு என்ன சொல்கிறது? உன் துன்பத்தைக் கேட்டோம், உன் பரிசை வாங்கினோம், இப்போது அதை வாங்கியதற்காக மற்றவர்களிடம் வருந்துகிறோம் என்கிறது. கேட்கப்பட்டது மன்னிப்பு, நடந்தது கைவிடல். அந்த மன்னிப்புக்குப் பிறகும் அவர் அந்தத் தளத்தில்தான் எழுத வேண்டும், அந்த வசவுகளுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும்.

ஒரு நிறுவனம் யாரைப் பார்த்துப் பயப்படுகிறதோ அவரிடம் மன்னிப்புக் கேட்பது எளிது. கனடாவில் 2008இல் மேப்பிள் லீஃப் என்ற இறைச்சி நிறுவனத்தின் டொராண்டோ ஆலையிலிருந்து போன உணவில் லிஸ்டீரியா கிருமி கலந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் தொலைக்காட்சியில் தோன்றி, பொறுப்பு எங்களுடையது என்றார். அரசின் ஆய்வு முறை சரியில்லை என்று பலர் பேசிக்கொண்டிருந்தபோதும் அந்தக் குடைக்குள் அவர் ஒதுங்கவில்லை. வழக்கறிஞர்கள், கணக்காளர்கள் இருவருடைய யோசனையையும் நான் கேட்கப்போவதில்லை என்று சொன்னார். மன்னிப்புக் கேட்பதை நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லும் சட்டம் அந்த மாகாணத்துக்கு 2009இல்தான் வந்தது. ஆக, பாதுகாப்பு இல்லாமலேயே பேசியிருக்கிறார். நஷ்டஈடும் கொடுத்தார்கள். உலகெங்கும் நல்ல மன்னிப்புக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்கிறார்கள். அந்த மனிதரின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் எதிரில் இருந்தது யார்? நாளைக்குக் கடையில் அந்தப் பொட்டலத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யப் போகும் வாடிக்கையாளர். நம்மிடம் எதையும் வாங்காத, நாம் கைவிட்டால் நமக்கு எந்த நட்டமும் வைக்க முடியாத மனிதரிடம் ஒரு முதலாளி எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் சோதனை.

இலக்கியத்தில் அப்படி ஒரு காட்சி நமக்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன்னால் வந்து நிற்கும் கண்ணகிக்குப் படை இல்லை, ஊர் இல்லை, கணவனும் இல்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் பொற்கொல்லனைக் கைகாட்டி நழுவவில்லை. அவன் பேச்சைக் கேட்டு நடந்த தானே குற்றவாளி, தான் அரசனே அல்ல என்று சொல்லி உயிரை விட்டான். எழுவாய் தெளிவு, குற்றம் தெளிவு, கேட்கப்பட்டவர் தெளிவு. வகுப்பில் இதை எத்தனை முறை சிலிர்த்துப்போய்ப் படித்திருக்கிறோம். ஆனால் அதே நூலின் உரைபெறு கட்டுரையைப் பலர் கவனிப்பதில்லை. அவனுக்குப் பின்னால் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்தப் பொற்கொல்லர்கள் ஆயிரம் பேரைக் கொன்று பலி கொடுத்தான் என்று அது சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்க்கு, கைத்தொழில் செய்து பிழைத்த ஆயிரம் பேர். தலைவன் ஏற்றுக்கொண்ட குற்றத்தை அரண்மனை மறுபடி கீழே இறக்கிவிட்டது. இன்றும் ஆலையில் விபத்து நடந்தால் முதலில் இடைநீக்கம் செய்யப்படுகிறவர் ஷிஃப்டு மேற்பார்வையாளர்தானே.

நம் மாவட்டத்துக்கு வருவோம். கொடைக்கானலில் யூனிலீவர் குழுமத்தின் பாதரச வெப்பமானி ஆலை இருந்தது. அமெரிக்காவில் மூடப்பட்ட ஆலை 1980களில் இங்கே கொண்டுவந்து நிறுவப்பட்டது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை மக்கள் வெளியே கொண்டுவந்த பிறகு ஆலை மூடப்பட்டது. கழிவை அப்படி விற்றது தன் விதிமுறைக்கே மாறானது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2003இல் ஒரு பகுதிக் கழிவைக் கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியது. ஆனால் சிறுநீரகம் கெட்டது, கை நடுங்குகிறது, கரு கலைந்தது என்று தொழிலாளர்கள் சொன்னபோது, ஆலை வேலையால் உடல்நலக் கேடு இல்லை என்ற நிலையிலிருந்து அது நகரவில்லை. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. அப்போதைய தலைமை அதிகாரி பால் போல்மன், அறமுள்ள வணிகத்தின் முகமாக உலக மேடைகளில் கொண்டாடப்பட்டவர், தீர்வுக்குப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறோம் என்று ட்விட்டரில் பதில் எழுதினார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் பணம் கொடுக்க உடன்பாடு கையெழுத்தானது. போராடி வாங்கிய பணம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் மனிதாபிமான அடிப்படையிலான கருணைத் தொகை. பதினைந்து வருடப் போராட்டத்தின் முடிவில் கிடைத்தது கடன் அல்ல, தானமாம். கூலி பாக்கியைக் கேட்கப் போனவனிடம் பொங்கல் இனாம் என்று சொல்லிக் கொடுத்தனுப்பும் பழைய பண்ணையார்தான் நினைவுக்கு வருகிறார்.

இதே மாவட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. 2021 ஜனவரியில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆடை ஆலையில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொலைசெய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அந்த ஆலையில் தைத்த துணிகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போகிறவை. தலித் பெண்கள் முன்னணியில் இருக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் இரங்கல் அறிக்கையோடு திருப்தி அடையவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஈஸ்ட்மேனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எச் அண்ட் எம் நிறுவனமும், பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்படுவதாகத் தனி ஒப்பந்தம் போட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்றுதான் உலகில் அதற்குப் பெயர். பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாடும் அதில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். புகாரை விசாரிக்க நிர்வாகத்துக்கு வெளியே ஆட்கள். ஆலை மீறினால் அதற்கான விலையை வணிகத்தில் கொடுக்கவைக்கும் கடமை பிராண்டுகளுக்கு.

அது மன்னிப்புக் கடிதம் அல்ல. கண்ணீர் வாசகம் தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார். போன உயிருக்கு அது ஈடும் அல்ல. அந்தப் பெண்ணின் தாயிடம் போய் ஒப்பந்தத்தைப் பெருமையாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் படிப்பகத்து மாணவி கேட்ட கேள்விக்கு, அடிபட்டவர்கள் எங்கே என்ற கேள்விக்கு, நான் அறிந்தவரை பதில் வைத்திருக்கிற ஒரே தாள் அது. அவர்கள் கையெழுத்திட்டவர்களாக இருக்கிறார்கள். சொன்ன சொல்லை முதலாளி காப்பாற்றவில்லை என்றால் சட்டையைப் பிடிக்கும் இடத்தில் இருக்கிறார்கள். மன்னிப்பு என்று வாய் சொல்வதை அந்த அதிகாரத்தோடு சேர்த்துக் கொடுத்தால்தான் நான் நம்புவேன். சொல் வேண்டாம், பணம் போதும் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. நடந்தது இது, செய்தது நாங்கள் என்று பெயர் சொல்லி எழுதித் தரும் ஒரு வாக்கியத்துக்காக மனிதர்கள் எத்தனை வருடம் காத்திருப்பார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்தார். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மேலாளர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு கவர். "ஏதோ நேரம் சரியில்லம்மா" என்றார். போகும்போது உடன் வந்தவர் ஒரு தாளை நீட்டினார். அக்காவுக்கு மயக்கம் முழுதாகத் தெளியாத நேரம். கட்டுப் போட்ட கையில் மிச்சமிருந்த பெருவிரலில் மை தடவி ஒற்றிக்கொண்டு போனார்கள். இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை நானே கழற்றினேன் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில், தொழிலாளியே வேண்டுமென்று பாதுகாப்புச் சாதனத்தை அகற்றியதால் இப்படிப்பட்ட காயம் ஏற்பட்டிருந்தால் முதலாளி பொறுப்பல்ல என்று ஒரு வாசகம் இருந்தது. அந்த வாசகத்துக்காகத் தயாரித்த தாள். விரலை இழந்தவரிடமே மன்னிப்பு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போன வாரம் அந்த மாணவியோடு போய் அக்காவைப் பார்த்தேன். அந்த முதலாளி இப்போது வந்து மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மாணவி கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் முறத்தில் இருந்த பயறைப் புடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவரு வந்து என்னத்தச் சொல்லப்போறாரு. கழட்டுனது நானில்ல. மூடி போன மாசமே ஒடஞ்சுபோச்சு, சூப்பர்வைசர்ட்ட ரெண்டு தடவ சொன்னேன். அத எழுதி, அவரு கையெழுத்துப் போட்டு, ஆபீசுல அந்தப் பழைய தாள் இருக்கிற பைலுலயே வைக்கச் சொல்லு தம்பி. எனக்கு ஒரு காப்பி குடுத்தாப் போதும்."

மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை அக்காவின் பெயரில் ஆலைக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம்.